நம்ம தெருவுல நின்ன கேஸ் வண்டி

தினேஷு, இதை ஒரு எடத்துல ஒக்காந்து படி. நடந்துக்கினு படிக்காத, டீக்கடையில பசங்களைப் பக்கத்துல வெச்சுக்கினும் படிக்காத. போன்ல சொல்லலாம்னு நெறைய தடவை பாத்தேன். நான் ஆரம்பிக்கறதுக்குள்ள "அப்புறம் பேசறேம்மா"ன்னு வெச்சிடற. போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப, சோறு போட்டுக்கினே சொல்லிடலாம்னு நெனச்சேன். நீ தலையைத் தூக்காம சாப்பிட்டதைப் பாத்ததும் வாய் வரல. அதான் எழுதறேன். சுத்தி வளைக்கற பழக்கம் எனக்கு இல்லன்னு உனக்கே தெரியும், முதல்லியே சொல்லிடறேன். நிச்சயதார்த்தத்து அன்னிக்கு உன் கம்பெனிக்கு போன் பண்ணி, "உங்க கேஸ் வண்டி லோடோட குடியிருக்கற தெருவுல நிக்குது"ன்னு சொன்னது நீ நெனக்கற மாதிரி சலீம் இல்ல. நான்தான். விசாரணை முடியற வரைக்கும் வண்டியைத் தொடாதன்னு உன்னை நிறுத்தி வெச்சிருக்காங்களே, அதுக்குக் காரணம் உன்னைப் பெத்தவ.

கம்பெனியில உனக்கு நம்பரைக் காட்டினாங்களாம். அது சலீம் நம்பர்தான், பொய் இல்ல. என் போன் அன்னிக்கு வீட்டுக்குள்ள இருந்துச்சு, விருந்தாளி வீட்டுப் பிள்ளைங்க அதுல கேம் ஆடிக்கினு இருந்தாங்க. கையில இருந்திருந்தாலும் அந்த வண்டி பக்கத்துல நின்னு எடுத்திருக்க மாட்டேன். பெட்ரோல் பங்க்குல வேலை செய்யற உடம்பு இது, அப்படிப் பழகிப் போச்சு. தெருக்கோடிக்கு நடந்து போயி, சலீமோட டயர் கடையில அவன் போனைக் கேட்டு வாங்கிப் பேசினேன். யாருக்குப் பேசறேன்னு அவனுக்கு முன்னாடியே தெரியாது. பேசி முடிச்சதும் "அம்மா, தினேஷு வேலை"ன்னு மட்டும் சொன்னான். நான் போனைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் நீ அவன் கடை முன்னாடி நின்னு கத்தின பாரு, அதை நான் வாசல்லேர்ந்து கேட்டேன். "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து கூடப் படிச்சவன்டா, வயித்துல அடிச்சிட்டியேடா, கல்யாணத்துக்கு வந்துடாத, வந்தேன்னா மரியாதை கெட்டுடும்"னு ஊரைக் கூட்டின. அவன் கையில டயர் லிவரைப் புடிச்சுக்கினு கல்லு மாதிரி நின்னான். நீ போனதும் நான் ஓடினேன், "இருடா, நான் அவனைக் கூப்ட்டு உண்மையைச் சொல்லிடறேன்"னு. "வேணாம்மா"ன்னான். "அவனுக்கு என் மேல கோவம்னா கொஞ்ச நாள்ல ஆறிடும். உங்க மேலன்னா ஆறாது. கல்யாணம் முடியட்டும்"னான். எனக்கு அப்ப அது சௌகரியமா இருந்துச்சு, தினேஷு. சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். போன் பண்ணதுக்கு எனக்கு வெக்கம் இல்ல. அவன் பின்னாடி ஒளிஞ்சதுக்குத்தான் வெக்கமா இருக்குது.

இப்ப அந்த நாளைப் பத்தி. நீ உன் பக்கத்துலேர்ந்து பாத்திருப்ப, நான் என் பக்கத்துலேர்ந்து பாத்ததைச் சொல்றேன். நிச்சயத்துக்கு லீவு தரேன்னு சொல்லிட்டுக் கடைசி நேரத்துல லோடு ஏத்தி அனுப்பிட்டாங்க, அது அவங்க தப்பு, நான் இல்லன்னு சொல்லல. நீ காலையில போன் பண்ணி "லோடை எறக்கிட்டு மத்தியானத்துக்கு மேல வந்துடறேன், அதுவரைக்கும் சம்பந்தி வீட்டாரைப் பாத்துக்கோ"ன்ன. நாங்களும் அப்படித்தான் சமாளிச்சுக்கினு இருந்தோம். தென்னேரிலேர்ந்து வேன்ல அவங்க வந்து எறங்கி, காபி குடிச்சு, பொண்ணு வீட்டுப் பெரியவங்க எல்லாம் பந்தல்ல ஒக்காந்துட்டாங்க. அப்பதான் ஹாரன் சத்தம். பாத்தா, ஹைவேயை விட்டுத் திரும்பி ஊருக்குள்ள வந்து, அம்மன் கோயில் எதிர்ல அகலமா இருக்கற எடத்துல, முன்னாடி மாவிலையும் சாமந்தி மாலையும் கட்டிக்கினு, புது வண்டி, வெள்ளை வெளேர்னு அம்மாம் பெரிய புல்லட் டேங்கரை நிறுத்திட்டு சிரிச்சுக்கினே எறங்கற. உன் மாமனார் எழுந்து நின்னு பாத்தாரு. எனக்கும் ஒரு நிமிஷம் பெருமையாத்தான் இருந்துச்சு. வேட்டி கட்டாத மாப்பிள்ளைன்னாலும் என் புள்ள ராஜா மாதிரி எறங்கினான்னு நெனச்சேன்.

அப்புறம் "காலி வண்டியாடா"ன்னு கேட்டேன். நீ காதுல சொன்ன, "இல்லம்மா, லோடு. அரை மணி நேரம்தான். ஆபீசுக்கு டயர்ல காத்து எறங்கிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்." நான் ஒடனே தெருவைச் சுத்திப் பாத்தேன். ஏன்னு உனக்கே தெரியும். இந்த வேலைக்கு லைசென்ஸ்ல தனியா எழுதி வாங்கறதுக்கு மூணு நாள் பயிற்சிக்குப் போனப்ப, ராத்திரி சாப்பிடும்போது எனக்கு வகுப்பே எடுத்தவன் நீ. கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட படுத்துக்கினு பள்ளத்தைத் தேடிப் போவும், சாக்கடைக்குள்ள எறங்கும், எங்கியோ இருக்கற நெருப்பைத் தொட்டுட்டுத் திரும்பி வரும்னு நீதான் சொன்ன. அதனாலதான் லோடு வண்டி சொன்ன ரோட்டுலதான் போவணும், ஜனங்க குடியிருக்கற எடத்துல நிறுத்தக்கூடாது, தனியா விட்டுட்டுப் போவக்கூடாதுன்னு வெச்சிருக்காங்கன்னும் சொன்ன. இப்ப நீ நிறுத்தின எடத்தைப் பாரு. நாலு வீடு தள்ளி சாயப்பட்டறை. பட்டுக்கு சாயம் ஏத்த அண்டாவுக்கு அடியில வெறகு எரிஞ்சுக்கினு இருக்குது. பட்டறைத் தண்ணி போற கால்வாய் உன் வண்டிச் சக்கரத்துக்குக் கீழதான் போவுது. நம்ம பந்தலுக்குப் பின்னாடியே சமையக்காரர் பெரிய அடுப்பு மூட்டி வெச்சிருக்காரு.

நான் இதைச் சொல்லலாம்னு வாயைத் தெறக்கறதுக்குள்ள உன் பெரிய அத்தை வந்துட்டாங்க. புது வண்டி, புது மாப்பிள்ளை, ஊர் கண்ணு பட்டுடும்னு பூசணிக்காய் மேல கற்பூரத்தைக் கொளுத்தி வெச்சுக்கினு, வண்டிக்கு முன்னாடி நின்னு சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல. ஆட்டோ வாங்கினாலும் லாரி வாங்கினாலும் அதைத்தானே செய்யறோம். உன்னைத்தான் பாத்தேன். நீ தடுப்பேன்னு பாத்தேன். நீ கையைக் கட்டிக்கினு, தலையைச் சாச்சுக்கினு, போட்டோவுக்கு நிக்கற. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்! நேராப் போயி அத்தை கையிலேர்ந்து பூசணிக்காயைப் புடுங்கி, பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்ட கொட்டி வெச்சிருந்த மணல்ல கவுத்து அமுக்கினேன். கல்யாணப் பேச்சு நடக்கற எடத்துல எரியற கற்பூரத்தை மாப்பிள்ளையைப் பெத்தவளே அணைச்சா அவங்க என்ன நெனப்பாங்க? அத்தை அழுதுட்டாங்க. உங்கப்பா என் கையைப் புடிச்சு இழுத்து "பைத்தியமாடி உனக்கு"ன்னாரு. பொண்ணோட அம்மா மொகம் செத்துப் போச்சு.

அதுக்கப்புறமும் நான் உன்கிட்ட நல்ல வார்த்தையாத்தான் சொன்னேன். "ராஜா, வண்டியை எடுத்துக்கினு போயி ஹைவேயில உங்களுக்குன்னு விட்டிருக்கற எடத்துல நிறுத்திட்டு, ஆட்டோ புடிச்சுக்கினு வா, நாங்க காத்திருக்கோம்." நீ சொன்ன, "மானத்தை வாங்காதம்மா. வால்வு எல்லாம் செக் பண்ணிட்டுத்தான் வந்தேன். ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்பறேன்." உன்கூட வந்த இன்னொரு டிரைவர், அந்த தருமபுரிக்காரரு, கேபின்லேர்ந்து எறங்கவே இல்ல. நான் தண்ணி குடுக்கப் போனப்ப "நானும் சொன்னேன்க்கா, கேக்கல"ன்னாரு பாவம். அப்பதான் பக்கத்துத் தெருவுல வெடிச் சத்தம் கேட்டுச்சு. அங்க ஒரு பெரியவர் விடிகாலையில தவறிட்டாருன்னு தெரியும். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பாடை கிளம்பி நம்ம தெரு வழியாத்தான் சுடுகாட்டுக்குப் போவணும், வழி நெடுக சரவெடி போட்டுக்கினுதான் போவாங்க. நான் ஓடி வந்து உன்கிட்ட சொன்னேன். நீ இலை முன்னாடி ஒக்காந்துட்ட. "அவங்க இப்பவே வரமாட்டாங்கம்மா"ன்ன. வடையைப் புட்டுக்கினே சொன்ன.

அதுக்கு மேலதான் நான் வண்டிக்குப் பின்னாடி போயி அந்த நம்பரை உள்ளங்கையில எழுதிக்கினேன். அவசரத்துக்குன்னு பெரிசா எழுதி வெச்சிருக்கீங்களே, அந்த நம்பர். நீ வேலையில சேந்த புதுசுல போட்டோ காட்டினப்ப, "இது எதுக்குடா"ன்னு கேட்டேன். "யார் வேணாலும் பாத்து போன் பண்ணலாம்மா, அதுக்குத்தான்"ன்ன. யார் வேணாலும்னா அதுல நானும் உண்டுதானே? சலீம் கடைக்குப் போனேன், பேசினேன். அந்தப் பக்கம் பேசினவரு மரியாதையாத்தான் கேட்டாரு, "யாரும்மா பேசறது"ன்னு. தெருவுல குடியிருக்கறவன்னு சொன்னேன். உன் பேரை நான் சொல்லல. வண்டி நம்பரை மட்டும் சொன்னேன், அதுலேர்ந்தே உன் பேர் தானா வந்துடும்னு தெரியும்.

நீ பாக்காதது ஒண்ணு இருக்குது, அதைக் கேளு. நான் போனை வெச்சதும் சலீம் கடையை அப்படியே போட்டுட்டு சாவு வீட்டுக்கு ஓடினான். அங்க எல்லாரும் குடிச்சிருந்தாங்க, மேளம் அடிச்சுக்கினு இருந்துச்சு. இவன் நடுவுல போயி நின்னு, "அண்ணே, தெருவுல கேஸ் வண்டி நிக்குது, வெடி மட்டும் போடாதீங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்"னு கேட்டிருக்கான். செத்தவரோட பெரிய புள்ளை மொதல்ல அடிக்கப் போனாராம், எங்கப்பனை அனாதையா எடுத்துக்கினு போகச் சொல்றியான்னு. அப்புறம் புரிஞ்சுக்கினு சரத்தை எல்லாம் சாக்குல போட்டுக் கட்டச் சொல்லிட்டாரு. அதுக்குள்ள உங்க ஆபீஸ்லேர்ந்து தருமபுரிக்காரருக்கு போன் வந்து, அவரு வண்டியை நடக்கற வேகத்துல வெளிய எடுத்துக்கினு போயிட்டாரு. நீ எலையிலேர்ந்து எழுந்து கைகூடக் கழுவாம பின்னாடியே ஓடின. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பெரியவரோட பாடை வெடிச் சத்தமே இல்லாம நம்ம பந்தல் முன்னாடி போச்சு. அப்பனைப் பறிகொடுத்தவங்க கேட்டாங்க தினேஷு. என் புள்ள கேக்கல.

ஒண்ணும் ஆகலியேன்னு நீ இப்பவும் சொல்லுவ. ஆகலதான். வால்வும் கசியல, கற்பூரமும் எரிஞ்சு முடியல. உனக்கு இந்த வேலை தெரியாதுன்னும் நான் சொல்லல, என்னை விட நூறு மடங்கு தெரியும். ஏத்தற எடத்துல நீ எவ்வளவு ஒழுங்கா இருப்பேன்னு உன் கூட வேலை செய்யறவங்களே சொல்லியிருக்காங்க. சக்கரத்துக்குக் கட்டை வெக்காம வண்டியை விட்டு எறங்க மாட்டியாம், கேட்டுக்கு வெளிய எவனாவது பீடியை எடுத்தாலே சண்டைக்குப் போவியாம். வேத்து மனுசன் எடத்துல அவ்வளவு கறாரா இருக்கறவனுக்கு சொந்தத் தெருவுக்குள்ள வந்ததும் என்ன ஆச்சு? அதைத்தான் நான் யோசிச்சுக்கினே இருக்கேன். நம்ம தெரு, நம்ம ஜனம், நம்ம விசேஷம்னு வந்ததும் கை தளந்துடுது. எங்க பங்க்குக்கு வழக்கமா பெட்ரோல் எறக்க வர்ற டிரைவர் அண்ணன் ஒருத்தரு இருந்தாரு. புது எடத்துக்குப் போனா பொறி பறக்காம இருக்க எர்த் ஒயரை மாட்டி, மணல் வாளியை எடுத்து வெச்சு, நெருப்பு அணைக்கற சிலிண்டரைப் பக்கத்துல வெச்சு, அப்புறம்தான் குழாயைத் தொடுவாராம். எங்க பங்க்குல ஒரு நாள் எங்ககூட சிரிச்சுப் பேசிக்கினே ஒயரை மாட்டாம மூடியைத் தெறந்தாரு. ஒரு பொறிதான். குப்புன்னு புடிச்சு, நாங்க பவுடர் அடிச்சு அணைக்கறதுக்குள்ள ரெண்டு கையும் வெந்து போச்சு. ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப என்ன சொன்னாரு தெரியுமா? "தெரிஞ்ச எடம்தானேன்னு விட்டுட்டேம்மா." அந்த வார்த்தை என் காதை விட்டுப் போவல. அன்னிக்கு நீ வடையைப் புட்டப்பவும் எனக்கு அதுதான் கேட்டுச்சு.

இப்ப ஏன் இதை எழுதறேன்னு கேப்ப. நீ கட்டிக்கப் போற பவித்ரா வந்திருந்தா. உனக்குத் தெரியாது, உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டுத்தான் வந்தா. ஒரகடம் பேக்டரியில ஷிப்ட் முடிச்சுட்டு ஸ்கூட்டிக்கு பெட்ரோல் போடற சாக்குல எங்க பங்க்குக்கே வந்துட்டா. அவங்க வீட்டுல கற்பூரத்தை அணைச்சது அபசகுனம், பையனுக்கும் வேலை இல்ல, கொஞ்சம் யோசிக்கலாம்னு பேச்சு ஓடுதாம். "நீங்க ஏன் அத்தை அணைச்சீங்க? அதை மட்டும் உங்க வாயால கேட்டுட்டுப் போறேன்"னா. டியூட்டி முடியற வரைக்கும் நிக்க வெச்சு, அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். கற்பூரத்தையும் சொன்னேன், போன் பண்ணதையும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சலீம் அண்ணன்தான் பண்ணாருன்னு இவரு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா"ன்னு கேட்டா. எனக்கு மூஞ்சியைக் காட்ட முடியல. "கற்பூரத்துக்கு எங்க வீட்டுல நான் பதில் சொல்லிக்கறேன் அத்தை. ஆனா பண்ணாத தப்புக்கு ஒருத்தரு வெளிய நிக்கும்போது நான் மணையில வந்து ஒக்கார மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"ன்னா. அவ வயசுக்கு அவ என்னை அப்படிக் கேக்கறா! கோவம் வரணும்தானே? வரல. இவளை விட்டுடக் கூடாதுன்னுதான் தோணுச்சு.

அதனால செய்ய வேண்டியதைச் சொல்றேன். நாளைக்கு வீட்டுக்கு வா. கல்யாணப் பத்திரிகை ஒண்ணுல சலீம் பேரை எழுதி எடுத்துக்கினு அவன் கடைக்குப் போ. எங்க நின்னு கத்தினியோ அதே எடத்துல நின்னு, கத்தினதைக் கேட்ட ஜனம் இருக்கும்போதே கொடு. நானும் வரேன், ஏன்னா நானும் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்குது. அப்புறம் கம்பெனிக்குப் போயி, டயர்ல காத்து எறங்கலன்னு உன் வாயால சொல்லு. மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினா மொதல்லேர்ந்து போ, மொகத்தைத் தூக்கி வெச்சுக்காம போ. எடுத்துக்கலன்னா மீன்பாடி வண்டி ஓட்டிப் பொழைக்கலாம், உங்கப்பா கொத்து வேலை செஞ்சு உன்னை வளக்கலியா? பவித்ரா வீட்டுக்கு நான் போயி பேசிக்கறேன்.

என் மேல நீ எவ்வளவு கோவப்பட்டாலும் சரி. கல்யாணத்து அன்னிக்குக் கால்ல விழாம நின்னாலும் நின்னுக்கோ, ஆசீர்வாதம் என் மனசுல எப்பவும் இருக்குது. ஆனா போன் பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேப்பேன்னு எதிர்பாக்காத. நாளைக்கே உனக்கு வேலை கெடச்சு, அதே மாதிரி ஒரு லோடு வண்டியை எந்தத் தெருவுல நீ நிறுத்தினாலும், உள்ள ஒக்காந்திருக்கறது என் புள்ளையா இருந்தாலும், மடியில என் பேரப்பிள்ளையே இருந்தாலும், நான் மறுபடியும் பண்ணுவேன். அந்தத் தடவை யார் பேசறதுன்னு கேட்டா, டிரைவரோட அம்மான்னு சொல்லுவேன்.